கிறிஸ்துமஸ் ஏன் முன்பு போல இல்லை? பினாங்குத் தம்பிக்கு ஒரு பதில்

பினாங்கில் பிறந்து வளர்ந்து, இப்போது கோலாலம்பூரில் கணினித் துறையில் வேலை பார்க்கும் 33 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "சின்ன வயதில் டிசம்பர் பிறந்தாலே தூக்கம் வராது. இப்போது கிறிஸ்துமஸ் வந்தால் மனம் வெறுமையாக இருக்கிறது. சில வருஷம் எரிச்சலாகக்கூட இருக்கிறது. இது விசுவாசக் குறைவா, வயதா, இல்லை என்னிடம்தான் ஏதாவது கோளாறா? இந்த வருஷம் ஊருக்குப் போகவே மனம் வரவில்லை. போகாவிட்டால் தப்பா?"

இடைநிலைப்பள்ளியில் பல வருஷம் ஆலோசக ஆசிரியையாக இருந்தவள் நான். கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை வேலைக்குப் புதிதாகப் போன பிள்ளைகளும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதனால் முதலிலேயே நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சின்ன வயதில் உங்களுக்குக் கிறிஸ்துமஸை யாரோ செய்து கொடுத்தார்கள். செய்து கொடுத்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அது நடந்த தெருவும் கலைந்துவிட்டது. நீங்களோ இன்னொருவருக்குச் செய்து கொடுக்கும் இடத்துக்கு இன்னும் வரவில்லை. உங்கள் வெறுமையில் பெரும்பகுதி அந்த நடுக்காலத்துக்கு உரியது. வயதுக்கும் மூளைக்கும் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

டிசம்பர் மாதத்தின் நீளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்த காலத்தில் மலேசியப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பர் நடுவில் முடியும். அப்புறம் வருஷக் கடைசி வரை விடுமுறைதான். பாடம் இல்லை, டியூஷன் இல்லை, ஐந்தரை மணிக்கு எழுப்பும் ஆளும் இல்லை. திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாயிறிலிருந்து நான்காவது மெழுகுவர்த்தி வரை ஒரு பிள்ளைக்கு எல்லா நாளும் பெருநாளைச் சேர்ந்த நாள்தான். கேரல் பயிற்சி, குடிலுக்கு லாலான் புல் அறுப்பது, பழைய பெட்டியிலிருந்து நட்சத்திர விளக்கை எடுத்து எது எரிகிறது எது எரியவில்லை என்று பார்ப்பது, தையற்காரரிடம் சட்டை வந்துவிட்டதா என்று மூன்று தடவை போய்க் கேட்பது எல்லாம் அந்த நாட்களில் நடக்கும். அந்தப் பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் ஒரு மாதம். உங்களுக்கு இன்று அது 25ஆம் தேதி மட்டும். 24ஆம் தேதி மாலை ஆறு மணி வரை அலுவலகம். அதற்கு மேல் வேண்டுமானால் வருடாந்திர விடுப்பு கேட்க வேண்டும்; வருஷக் கடைசியில் அதே நாளைக் கேட்டுப் பத்துப் பேர் வரிசையில் இருப்பார்கள். ஒரு மாதத்தில் மெல்ல மெல்ல ஏறி உச்சிக்கு வந்த உணர்வை, ஒரே இரவில் பேருந்தை விட்டு இறங்கியதும் எதிர்பார்க்கிறீர்கள். அது வராததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. பெருந்தொற்றுக்குப் பிறகு பள்ளி ஆண்டு மார்ச், பிப்ரவரி என்று தள்ளிப்போய், 2026இல்தான் மறுபடி ஜனவரிக்குத் திரும்பியது. இடைப்பட்ட வருஷங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு டிசம்பரில் கிடைத்தது நடுவில் வந்த ஒரு சின்ன விடுமுறைதான். அவர்கள் பெரியவர்களானால் கிறிஸ்துமஸை எப்படி நினைவு வைத்திருப்பார்கள் என்று எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு.

உங்கள் தலைமுறைக்கு முதல் நிழல் எப்போது விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1993 முதல் 2013 வரை மூன்றாம் படிவத்தில் பி.எம்.ஆர். தேர்வு இருந்தது. அதன் முடிவுகள் பெரும்பாலும் டிசம்பர் பிற்பகுதியில், கிறிஸ்துமஸை ஒட்டி வரும். வீட்டில் முறுக்கு சுடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும், பதினைந்து வயதுப் பிள்ளையின் வயிற்றில் பயம் இருக்கும். எத்தனை 'ஏ' என்று விருந்தினர் எல்லோரும் கேட்பார்கள். பண்டிகை நாளில் நம்மை யாரோ எடைபோடுகிறார்கள் என்ற உணர்வு பலருக்கு அங்கே ஆரம்பிக்கிறது. இப்போது கேள்வி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எப்போது கல்யாணம், வீடு வாங்கியாச்சா, சிங்கப்பூரில் முயற்சி பண்ணவில்லையா. நீங்கள் எழுதிய எரிச்சலுக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று ஊகிக்கிறேன். சின்னப் பிள்ளையாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தபோது கையில் பலகாரத் தட்டு கொடுத்தார்கள். இன்று அதே வீட்டில் முதலில் விசாரணை, அப்புறம்தான் தட்டு.

மூளையின் பங்கையும் சொல்ல வேண்டும். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் 1990களில் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழரசம் கிடைத்தால் அந்த செல்கள் துடித்தன. பழரசம் வரப்போகிறது என்று ஒரு விளக்கு முன்னாலேயே அறிவித்துப் பழக்கினால், துடிப்பு விளக்குக்கு மாறியது. பழரசம் வரும்போது ஒன்றும் இல்லை. அதாவது, தெரிந்தே வருகிற நல்லதுக்கு மூளை பெரிதாக அசைவதில்லை. அது வரப்போகிறது என்ற அறிகுறிக்கே அசைகிறது. நம் பழைய வீடுகளில் அந்த அறிகுறிகள் நிறைய இருந்தன. கண்ணாடிப் போத்தல்களில் எப் அண்ட் என் ஆரஞ்சு ஒரு பெட்டியாக வாசலில் வந்து இறங்கும். சுஜி (ரவை) கேக்குக்காகப் பிளாண்டா மார்ஜரின் டின் திறக்கும். ஆப்பிளும் திராட்சையும் பெருநாளுக்கு மட்டும் வீட்டுக்குள் வரும். புதுச் சட்டை வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். இப்போது இதில் எதற்கும் டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். கேக்கை மார்ச் மாதத்திலும் கைப்பேசியில் தட்டி வரவழைக்கலாம். நமக்கு வசதி வந்தது நல்லதுதான். அம்மா அப்பா அதற்காகத்தான் பாடுபட்டார்கள். ஆனால் காத்திருப்பு போனதும் அதோடு ஒட்டியிருந்த இன்பமும் போய்விட்டது.

காலத்தின் அளவும் மாறுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது அதன் வாழ்வில் ஐந்தில் ஒரு பங்கு, நாற்பது வயதுக்காரருக்கு நாற்பதில் ஒரு பங்கு என்று பால் ஜானே என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் எழுதினார். இதை நிரூபிக்கப்பட்ட விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய விளக்குச் சரத்தை மேலே தூக்கி வைத்து நாளாகவில்லை, அதற்குள் இறக்கச் சொல்கிறார்களே என்று தோன்றுவதற்கு அது பொருந்துகிறது.

கிறிஸ்துமஸ் தாத்தா விஷயத்தில் எல்லோரும் ஒன்றைத் தவறாக நினைக்கிறார்கள். அவர் உண்மையில்லை என்று தெரியும் நாளில் பிள்ளையின் மனம் உடைகிறது, மகிழ்ச்சி அங்கேதான் போகிறது என்பார்கள். 1994இல் அமெரிக்காவில் கார்ல் ஆண்டர்சன், நார்மன் பிரெண்டிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், உண்மையைத் தெரிந்துகொண்ட 52 பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் விசாரித்தார்கள். பிள்ளைகள் சராசரியாக ஏழு வயதில், பெரும்பாலும் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களிடம் நல்ல உணர்வுகளே மேலோங்கியிருந்தன. வருத்தப்பட்டவர்கள் பெற்றோர்தான். நான் வகுப்பில் பார்த்ததும் இதுதான். பருத்திப் பஞ்சுத் தாடிக்குள் வேர்த்து வடிவது கோயில் பாடகர் குழு மாமா என்று கண்டுபிடித்த பிள்ளை, அதைத் தம்பி தங்கையிடம் சொல்லாமல் காப்பாற்றுவதில் பெருமைப்படும். இரகசியத்தைச் சுமக்கும் பெரியவர்களின் பக்கம் தானும் சேர்ந்துவிட்ட பெருமை அது. குழந்தைத்தனம் போனதற்காகப் பிள்ளைகள் அழுவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தான் அழுகிறோம்.

இங்கே நம் வீடுகளைப் பற்றி ஒன்றைப் பட்டென்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை முப்பது வயதில் கேட்பவர்களில் ஆண்களே அதிகம். பெண்பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே வந்துவிடுகிறது. அந்த வயதில் அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டுவிடுகிறோம். அச்சு முறுக்கு அச்சை எண்ணெயில் சரியான சூட்டுக்குக் காயவைப்பது, நெய் உருண்டைக்குப் பாசிப்பயறு வறுப்பது, திரைச்சீலை துவைப்பது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கலக்கிக் கொடுப்பது, நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தவர்களுக்கு மூன்று மணிக்கு இடியாப்பமும் கோழிக் கறியும் எடுத்து வைப்பது எல்லாம் அவள் தலையில் வரும். அண்ணனோ தம்பியோ அந்த நேரத்தில் நண்பர்களோடு கேரல் ரவுண்டில் இருப்பான். அவனுக்குக் குழந்தைக் கிறிஸ்துமஸ் இருபது இருபத்தைந்து வயது வரை நீள்கிறது. அப்புறம் வேலைக்கு வெளியூர் போனதும் திடீரென்று நின்றுவிடுகிறது. அவளுக்கு அது சீக்கிரமே வேலையாக மாறிவிட்டாலும், வேலை தெரிந்திருப்பதால் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கிறிஸ்துமஸை உண்டாக்கிக்கொள்ளத் தெரியும். அவனுக்குத் தெரியாது. தம்பி, இது உங்கள் மேல் சொல்லும் குற்றச்சாட்டு இல்லை. உங்கள் அம்மாவும் பாட்டியும் உங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். ஆனாலும் உங்கள் வெறுமை எங்கிருந்து வருகிறது என்று தேடினால், அந்த அடுப்படி வாசலையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது இடம். 33 வயது என்றால் நீங்கள் பிறந்த சமயம் ஜார்ஜ்டவுன் உள்நகரக் கடைவீடுகளில் இன்னும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த காலம் அது. அந்தக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிந்தது. வாடகை ஏறியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆயர் ஈத்தாம், பாயான் லெப்பாஸ் அடுக்குமாடிகளுக்கும், பாலம் தாண்டிச் செபராங் பிறைக்கும் போய்விட்டன. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் சேர்ந்த பிறகு காலியான வீடுகள் பல தங்கும் விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாறின. பினாங்கு ரோட்டில் இருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தமிழ்க் கத்தோலிக்கர்களின் கோயில். முன்பு கேரல் குழு அங்கிருந்து புறப்பட்டால் நடந்தே வீடு வீடாகப் போய் நடுச்சாமத்தில் திரும்பும். இன்று அதே குடும்பங்களைப் பார்க்க வேண்டுமானால் வேனும் ஜிபிஎஸ்ஸும் வேண்டும், பல அடுக்குமாடிகளில் காவலாளியிடம் அனுமதியும் வேண்டும். புலாவ் தீக்குசில் செரானி என்று சொல்லும் யூரேசியக் குடும்பங்கள் இருந்த பழைய கம்பமும் போய்விட்டது. நம் வீடுகளுக்குச் சுஜி கேக்கும் டெவல் கறியும் வந்தது அந்த மாதிரி அண்டை வீட்டுப் பழக்கத்தில்தானே.

கோலாலம்பூரிலும் இதே கதைதான். பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் இரயில்வே ஊழியர்களைச் சுற்றி வளர்ந்தவை. கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லூத்தரன் என்று எல்லாத் தமிழ்ச் சபைகளும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. நூறு குவாட்டர்ஸ் என்று சொல்லும் இரயில்வே வீடுகள் இன்று இல்லை. ஆலயங்கள் நிற்கின்றன, சுற்றியிருந்த வீடுகள் போய்விட்டன. பூசைக்கு வருகிறவர்கள் பூச்சோங்கிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் காரில் வந்து, வாகனம் நிறுத்த இடம் தேடி, முடிந்ததும் புறப்பட்டுவிடுகிறார்கள். வாசலில் நின்று பேசும் அரை மணி நேரம் காணாமல் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பு. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் மோசம். பால்மரத்தை வெட்டிச் செம்பனையோ வீடமைப்புத் திட்டமோ வந்தபோது, லயத்து வீடுகளோடு அங்கிருந்த சின்னச் சிற்றாலயமும் பல இடங்களில் போய்விட்டது. ஐம்பது வயது தாண்டிய ஒருவர், "அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் இப்ப இல்லை" என்று சொன்னால் அது வெறும் வயதின் ஏக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் உண்மையில் இருந்த ஓர் ஊரைப் பற்றிப் பேசுகிறார்.

பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஓடும் பெரிப் படகைப் பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போன அந்தப் பழைய பெரிச் சேவை 2020 கடைசியோடு நின்றுவிட்டது. 2023இல் வந்த புதிய பெரிகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றுகின்றன. வெளியூரில் வேலை செய்த பலருக்கு, அந்தப் பெரியில் உப்புக்காற்று முகத்தில் பட்ட நொடியில்தான் பெருநாள் தொடங்கியது. வாசனைக்கு மூளையில் தனி வழி இருக்கிறது. கண், காது வழியாக வரும் செய்தி முதலில் தலாமஸ் என்ற நிலையத்தைத் தாண்ட வேண்டும். வாசனை அப்படிச் சுற்றாமல் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளை நேராகப் போய்ச் சேருகிறது. மணம் போனால் நினைவைத் திறக்கும் வழியில் ஒன்று அடைபடுகிறது.

பேரங்காடி விளக்குகளைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை என்று பலர் வருத்தப்படுகிறார்கள். பெவிலியனிலும் மிட் வேலியிலும் கர்னி பிளாசாவிலும் நவம்பரிலேயே மரம் ஏறிவிடுகிறது. அந்த அலங்காரம் எல்லோருக்கும் பொதுவானது, அதில் தப்பில்லை. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, அவர்களிலும் பெரும்பாலோர் சபா, சரவாக்கில் இருக்கிறார்கள். தீபகற்பத்தில் தமிழ்க் கிறிஸ்தவர் என்பவர் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. சின்ன வயதில் அண்டை வீட்டு இந்துப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் நம் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்து, குடிலைப் பார்த்து, "இந்த ஆட்டுக்குட்டி எதுக்கு?" என்று கேட்டார்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து வந்த தட்டு, கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டிலிருந்து திரும்பிப் போனது. அந்த ஒரு நாள் நம் வீடு தெருவுக்கே நடுவீடாக இருந்தது. நமக்குள்ளே இருந்த பெருமிதம் அதிலிருந்து வந்தது. பேரங்காடியின் நாற்பதடி மரம் அதைத் தராது. அங்கே நம்மை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பெரியவர்களின் டிசம்பரில் துக்க நாட்களும் சேர்ந்துவிடுகின்றன. 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், சுனாமி பினாங்குக் கரையைத் தொட்டது. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில்தான். பெருநாள் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போன குடும்பங்களும் அதில் இருந்தன. அன்றிலிருந்து 25ஆம் தேதி மாலையே மனம் கனத்துவிடும் பினாங்குக்காரர்களை எனக்குத் தெரியும். கிள்ளான் பள்ளத்தாக்கில் 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தபோது, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சேற்றில் ஊறிய குடிலை வாசலில் வைத்துக் கழுவிய வீடுகள் அந்த வருஷம் இருந்தன. இப்படிப்பட்டவர்களிடம் போய், "சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமா இருங்க" என்று சொல்வது அன்பில்லாத பேச்சு.

வீட்டில் சாவு நடந்த வருஷத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு மாற்றம் அந்த வருஷத்தில்தான் தொடங்குகிறது. நம்மில் கிறிஸ்தவரானாலும் இந்துவானாலும், துக்க வருஷத்தில் பண்டிகை இல்லை என்று வைத்துக்கொள்வோம். பலகாரம் சுட மாட்டோம், புதுத்துணி எடுக்க மாட்டோம். சொந்தக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். இது நல்ல வழக்கம். துக்கத்துக்கு ஒரு காலம் கொடுக்கிறது, சிரிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து காப்பாற்றுகிறது. சிக்கல் அடுத்த வருஷம். யார் மறுபடி தொடங்குவது என்று தெரியாமல் எல்லோரும் காத்திருப்பார்கள். செய்துகொண்டிருந்தவரே போயிருந்தால், அது பெரும்பாலும் பாட்டியோ அம்மாவோதான், அவர் இடத்தை எடுப்பது அவரை மறந்த மாதிரி ஆகிவிடுமோ என்ற தயக்கம் வரும். அப்படியே இரண்டு, மூன்று வருஷம் போய், அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் நின்றே போய்விடும். என் கருத்தைக் கேட்டால், இரண்டாவது வருஷம் ஒரே ஒரு பலகாரமாவது அந்த வீட்டில் சுட வேண்டும். அவர் செய்ததுபோல வராது. பரவாயில்லை, சுட வேண்டும்.

சரி, மகிழ்ச்சி திரும்பி வருமா? சின்ன வயதில் வந்தது அதே வடிவில் வராது. ஆனால் வேறொன்று வருகிறது, அது எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது. 2002இல் டிம் காசர், கென்னன் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 117 பேரிடம் அவர்களுடைய கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். குடும்பத்தோடு இருந்ததும் வழிபாடும் முக்கியமாக அமைந்தவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். பணம் செலவழித்ததும் பரிசு பெற்றதும் முக்கியமாக அமைந்தவர்களிடம் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. 2008இல் எலிசபெத் டன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்து, சிலரைத் தங்களுக்கும் சிலரை மற்றவர்களுக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்குச் செலவழித்தவர்கள் மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது முக்கியமாக இல்லை.

வயது இன்னும் கூடும்போது மறுபடி ஒரு மாற்றம் வருகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் பல காலமாகச் சொல்லிவருவது இது: முன்னால் இருக்கும் காலம் குறுகுகிறது என்று தெரியும்போது மனிதர்கள் புதியவர்களைத் தேடுவதைக் குறைத்து, நெருக்கமான சிலரோடு இருப்பதையே விரும்புகிறார்கள். உங்கள் பாட்டி பெரிய விருந்தைப் பற்றிக் கேட்காமல், "யார் யார் வர்றீங்க?" என்று மட்டும் கேட்பது அதனால்தான். அவருக்குக் கிறிஸ்துமஸ் இரண்டு மூன்று முகங்களாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கத்தில் அவருக்கு ஏமாற்றம் இல்லை.

விசுவாசம் குறைந்துவிட்டதா என்று கேட்டீர்கள். நள்ளிரவுப் பூசையில் பிள்ளையாக உங்களுக்குச் சிலிர்த்தது விசுவாசத்தால் மட்டும் என்று நான் நம்பவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு விழித்திருக்க அனுமதி, புதுச் சட்டை, பாடகர் குழு, குழந்தை இயேசுவைக் குடிலில் வைக்கும் அந்த நிமிஷம் எல்லாம் அதில் கலந்திருந்தன. இன்று சிலிர்ப்பு இல்லாமல் நின்றுகொண்டு, இறந்துபோன அப்பாவுக்காகவோ வேலையிழந்த நண்பனுக்காகவோ நீங்கள் மன்றாடினால், அது குறைந்த விசுவாசம் என்று எந்த மறைக்கல்வி ஆசிரியையும் சொல்ல மாட்டாள். பிறந்த பாலகனுக்கு இடம் கிடைக்காத கதையின் கனம் வாடகை வீடு தேடி அலைந்த பிறகுதான் பலருக்குப் புரிகிறது. இந்தப் பகுதியில் பெரியவர்களுக்குக் கிடைப்பது அதிகம் என்றே நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். கிறிஸ்துமஸில் மட்டும் வெறுமை என்றால் இதுவரை சொன்னது போதும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலுமே பிடிப்பில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, வாழ்வதே சுமை என்று தோன்றுகிறது என்றால் அது பண்டிகை விஷயம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கிலேயே தொடங்கலாம். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் எடுப்பார்கள். டிசம்பரில் அழைப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை.

இனி, போகாவிட்டால் தப்பா என்ற கேள்வி. பாவம் இல்லை. ஆனால் எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கல்யாணக் கேள்விதான் காரணம் என்றால் அதற்காக அம்மாவின் கிறிஸ்துமஸை விட்டுவிட வேண்டாம். முதல் பெரியம்மா கேட்கும்போதே, "முடிவானதும் உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து தட்டு கழுவப் போய்விடுங்கள். கேள்வி அடங்கும், அடுப்படியில் இருப்பவர்களுக்கு உதவியும் ஆகும். நிஜமாகவே போக முடியாது என்றால் அதை நவம்பரிலேயே அம்மாவிடம் சொல்லுங்கள். 24ஆம் தேதி குறுஞ்செய்தியில் சொல்லாதீர்கள். கோலாலம்பூரிலேயே இருந்தால் அறைக்குள் இருக்க வேண்டாம். பக்கத்தில் தமிழ்ப் பூசை இருக்கும் கோயிலுக்குப் போங்கள், ஊருக்குப் போக முடியாத இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மதியச் சாப்பாடு போடுங்கள். ஆட்டிறைச்சிப் பெரட்டல் செய்யத் தெரியாவிட்டால் கடையில் வாங்கினாலும் சரி, சோறு மட்டும் நீங்கள் ஆக்குங்கள்.

போவதாக இருந்தால் 24ஆம் தேதி இரவு விருந்தாளி மாதிரிப் போய் இறங்காதீர்கள். முடிந்தால் 22ஆம் தேதியே போய்விடுங்கள். முறுக்கு பிழிவதோ, குடில் கட்டுவதோ, பாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைப்பதோ, ஏதாவது ஒரு வேலை முழுக்க உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். சுஜி கேக்கின் அளவை அம்மா வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ரவையை வெண்ணெயில் எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்பதை எந்த அம்மாவும் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டால்தான் வரும். கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். ரயிலில் சுமார் நான்கு மணி நேரம்தான், ஆனால் அந்த வாரத்து இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். விடுப்புக்கு இன்றே எழுதிப் போட்டுவிட்டு டிக்கெட்டைப் பார்த்துவிடுங்கள், தம்பி.